360 மணி நேரமும் ஒரு கேள்வியும்: ராமநாதபுரம் கடற்கரையில் இளநிலை மாணவரின் ஆய்வு

பிளஸ் டூ முடிவு வந்ததும் தொண்டி, மண்டபம், கீழக்கரை பக்கத்து வீடுகளில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு குழப்பம் எழுகிறது. பட்டப்படிப்பு மூன்று வருடமா, நான்கு வருடமா? "ஆனர்ஸ் வித் ரிசர்ச்" என்று சொல்கிறார்களே, அது என்ன? அதை முடித்தால் எம்.எஸ்சி. படிக்காமலே பி.எச்டி.க்குப் போகலாமா? கல்லூரி ஆசிரியர்களுக்கோ வேறு கவலை. இருபது வயதுப் பிள்ளையிடம் ஆய்வு செய் என்றால் எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு எதிர்பார்ப்பது? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

ஆனர்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் பி.ஏ. ஆனர்ஸ், பி.எஸ்சி. ஆனர்ஸ் இருந்தன. சாதாரணப் பட்டத்தைவிட ஆழமாக ஒரே பாடத்தில் இறங்கும் படிப்பு அது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1929-லேயே வெளிவந்துவிட்டது. அப்போது அவர் மாணவர். எல்லாரும் சந்திரசேகர் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இளநிலை மாணவருக்கு ஆய்வு எட்டாது என்ற எண்ணம் நம் ஊர் வரலாற்றுக்கே பொருந்தாது.

இப்போது பேசப்படும் ஆனர்ஸ், 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பிலிருந்து வருவது. அதன் முக்கிய எண்கள் இவை:

1. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட்.
2. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்கள், விரும்பினால், நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவை, அதாவது "ஆனர்ஸ் வித் ரிசர்ச்" படிப்பை, எடுக்கலாம். அவர்களுக்கு 12 கிரெடிட் ஆய்வேடு உண்டு. மற்ற ஆனர்ஸ் மாணவர்கள் அதற்குப் பதிலாகப் பாடங்கள் படிப்பார்கள்.
3. ஆய்வுப் பிரிவை நடத்தும் துறையில் நூலகம், ஆய்வகம் தவிர, பி.எச்டி. நெறியாளராக (ஆய்வுக்கு வழிகாட்டுபவராக) அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும்.
4. யு.ஜி.சி.யின் 2022 பி.எச்டி. விதிகளின்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுநிலை படிக்காமலே பி.எச்டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

நான்காவது விதியைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விண்ணப்பிக்கத் தகுதி வருகிறது, அவ்வளவுதான். நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் வரும் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம். இந்தக் கரையில் உள்ள கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. டெல்லி பல்கலைக்கழகத்திலோ, 2024 முதல் கேரளக் கல்லூரிகளிலோ சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் நான்காம் ஆண்டு ஆய்வைச் சந்திப்பார்கள். இங்கேயே படிப்பவர்களுக்குப் பல துறைகளில் இறுதிப் பருவ ப்ராஜெக்ட் இருக்கிறது. பெயரும் அளவும் வேறு. மாணவரைத் தயார் செய்ய வேண்டிய விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

12 கிரெடிட் என்பது எத்தனை மணி நேரம்?

யு.ஜி.சி. கணக்கில் வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் பருவத்துக்கு 15 மணி நேரம். ஆய்வகம், களப்பணி போன்றவற்றுக்கு 30 மணி நேரம். 12 கிரெடிட் ஆய்வைக் களப்பணிக் கணக்கில் வைத்தால் 360 மணி நேரம் வரும். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 45 நாள்.

இந்த எண்ணைத் தலைப்பு முடிவாகும் முன்பே மாணவரும் நெறியாளரும் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்வது நல்லது. "மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டு 45 நாள் வேலையை எதிர்பார்த்தால், மாணவருக்கு மிச்சமாகிற ஒரே வழி யாரோ எழுதியதை எடுத்து எழுதுவது. மாணவர் சோம்பேறி என்று பிறகு குறை சொல்வதில் நியாயமில்லை. தலைப்புத் தரும் நாளிலேயே அந்தத் தவறு நடந்துவிடுகிறது.

கேள்வியைச் சுருக்குதல்

நெறியாளர் செய்யும் வேலைகளில் இதுதான் பெரியது. ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்த்துவிடலாம்.

பாக் விரிகுடாக் கரையிலிருந்து வரும் விலங்கியல் மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நாட்டுப்படகு, நண்டு வலை. அவள் கொண்டுவரும் கேள்வி: "நண்டு வளம் குறைகிறதா?" நல்ல கேள்வி. ஆனால் குறைகிறதா என்று சொல்லப் பல ஆண்டுக் கணக்கு வேண்டும், எத்தனை படகு எத்தனை வலை போட்டது என்ற கணக்கும் வேண்டும். ஒரு பருவத்தில் முடியாது. சரி, எது முடியும்?

முதல் சுருக்கம், இடம்: படகுகள் மீன் இறக்கும் ஒரே ஒரு இறங்குதளம். இரண்டாவது, காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை. மூன்றாவது, உயிரினம்: நீலக்கால் நண்டு மட்டும். நான்காவது, கருவி: நாட்டுப்படகின் நண்டு வலையில் வருவது மட்டும். ஐந்தாவது, அளக்கும் பொருள்: ஓட்டின் அகலம், ஆணா பெண்ணா, வயிற்றில் சினை (முட்டை) இருக்கிறதா. இப்போது கேள்வி இப்படி ஆகிறது: "இந்த இறங்குதளத்தில், இந்த மூன்று மாதங்களில், நண்டு வலையில் வரும் பெண் நண்டுகளில் சினை நண்டின் பங்கு எவ்வளவு? அது மாதத்துக்கு மாதம் மாறுகிறதா?"

இதற்கு வெர்னியர் காலிபர், ஒரு தராசு, நனையாத நோட்டு போதும். வாரம் இரண்டு முறை, 12 வாரம், ஒரு முறைக்கு 4 மணி நேரம்: 96 மணி நேரம். முறைக்கு 30 நண்டு அளந்தால் 720 நண்டு. படிப்புக்கு 60, முன்னோட்டத்துக்கு 20, கணக்கீட்டுக்கு 64, எழுத்துக்கு 90, வாராந்தரச் சந்திப்புக்கு 15 மணி நேரம் ஒதுக்கினாலும் மொத்தம் 345. மழைக்கும் காய்ச்சலுக்கும் 15 மணி நேரம் மிச்சம்.

இவ்வளவு சின்னக் கேள்வியிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சினை நண்டின் பங்கைச் சொல்லும்போது வகுக்கும் எண் எது? எல்லா நண்டுமா, பெண் நண்டு மட்டுமா? ஆண்களையும் சேர்த்து வகுத்தால், ஆண் நண்டு அதிகம் வந்த மாதத்தில் சினை குறைந்ததுபோல் தெரியும். அப்புறம், எந்த 30 நண்டு? கூடையின் மேலே கிடப்பதை எடுத்தால் பெரியதுதான் கைக்கு வரும். வியாபாரி தரம் பிரித்த பிறகு போனால் பெரிய நண்டு தனியாகப் போய்விட்டிருக்கும். ஆகவே தரம் பிரிப்பதற்கு முன், ஒரு படகின் நண்டு முழுவதையும் அல்லது ஐந்துக்கு ஒன்று என்று வரிசையாக எடுத்து அளக்க வேண்டும். மாதிரி எடுத்தல் என்று பாடப்புத்தகம் சொல்வதன் சாரம் இந்தக் கூடைக்குள் இருக்கிறது. முட்டையின் நிறத்தையும் குறிக்கலாம். புதிய முட்டை மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் தருவாயில் கருக்கும்.

முன்னோட்டம் என்பது உண்மைக் கணக்குத் தொடங்கும் முன் இரண்டு நாள் போய்ச் செய்து பார்ப்பது. ஏலம் கூவுகிற நேரத்தில் அளக்க முடியாது, மீனவர் பொறுக்க மாட்டார் என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். "அண்ணே, அஞ்சு நிமிஷம் அளந்துட்டுத் தந்துடுறேன்" என்று கேட்க எது சரியான நேரம் என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

வீட்டு அறிவை என்ன செய்வது?

கடற்கரைப் பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. எந்தக் காற்றில் எது படும், எத்தனை பாகத்தில் (கடல் ஆழத்தின் அளவு) வலை விட வேண்டும், அமாவாசை பௌர்ணமியில் நீரோட்டம் எப்படி மாறும் என்பதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். பாசி எடுக்கும் பெண்களின் வீட்டுப் பிள்ளைக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) கிடைக்கும் என்று தெரியும். வகுப்பறையில் இந்த அறிவுக்கு இடமே இல்லை. பெரிய இழப்பு இது.

இதை இரண்டு விதத்தில் தவறாகக் கையாளலாம். மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது ஒன்று. தாத்தா சொன்னார், ஆகவே உண்மை என்று ஆய்வேட்டில் முடிவாக எழுதுவது இன்னொன்று. சரியான வழி, அந்தச் சொல்லைச் சோதிக்கக்கூடிய நிரலாக, அதாவது கணக்கு நோட்டின் ஒரு பத்தியாக, மாற்றுவது. "இந்தக் காற்றில் நண்டு அதிகம் படும்" என்று வீட்டில் சொன்னால், கணக்கு நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் காற்று, பிறை நாள், பாகம் என்று மூன்று நிரல் சேர்க்க வேண்டும். பருவம் முடியும்போது அந்தச் சொல் நின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அது ஒரு முடிவு. கருதுகோள் என்ற சொல்லை மாணவர் பிறகு மறக்க மாட்டார்.

கடலுக்கென்று ஒரு நாட்காட்டி

கல்லூரி நாட்காட்டியும் கடலின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை.

1. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017-க்கு முன் 45 நாள். விசைப்படகு மீன் பற்றிய ஆய்வு என்றால் களப்பணி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். நாட்டுப்படகுகள் தடைக் காலத்திலும் போகும், ஆனால் அப்போது விலையும் வேறு, போட்டியும் வேறு. மார்ச் எண்ணையும் மே எண்ணையும் ஒரே அட்டவணையில் ஒட்டக் கூடாது.

2. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. கல்லூரி விடுமுறை என்று சனிக்கிழமை மட்டும் இறங்குதளத்துக்குப் போகும் மாணவர் ஒரே வகைப் படகைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அவருடைய கணக்கில் பிழையே இருக்காது, முடிவு மட்டும் தப்பாக இருக்கும்.

3. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் வடக்கே பாக் விரிகுடா கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பன் பாலத்தில் நின்றால் இரு பக்கமும் இரண்டு கடல். ராமேஸ்வரத்தில் ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கரையையும் ஒரே மாதத்தில் ஒப்பிட்டால், அளப்பது இடத்தின் வேறுபாட்டையா, காற்றின் வேறுபாட்டையா என்று பிரிக்க முடியாது.

1947-ல் தொடங்கி, பிறகு மண்டபத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிக்கல்களை நாடு முழுவதற்குமாகச் சந்தித்தது. எல்லா இறங்குதளத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது என்பதால், இடத்தையும் நாளையும் படகையும் அடுக்கடுக்காகப் பிரித்துத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கும் வழியை வகுத்துக்கொண்டது. அதன் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது, மண்டபத்தில் ஆராய்ச்சி மையம் தொடர்கிறது. அதன் வெளியீடுகளில் மிகப் பல இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரைக்குப் போகும் முன் மாணவர் படிக்க வேண்டியவை அவை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் இருக்கிறது. அதன் வாசல் தெரியாமலே பட்டம் முடிப்பவர்கள் அதிகம்.

சட்டத்தை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஆய்வு செய்யக் கூடாது. அனுமதி வரக் காலம் பிடிக்கும். ஒரு பருவ ஆய்வுக்குத் தீவுகளைத் தவிர்ப்பதே நல்லது.

அதைவிட ஆபத்தானது கரையிலேயே இருக்கிறது. கடல் அட்டை, கடல்குதிரை, பவளம் ஆகியவை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. வலையில் செத்து வந்த கடல்குதிரையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதும் குற்றமாகலாம். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுக்கும் அதே நிலைதான். ஆர்வத்தில் எடுத்த ஒரு மாதிரியால் மாணவர் மீது வழக்கு வரக் கூடாது. படம் எடுக்கலாமா, தொடலாமா, எடுத்துவரலாமா என்று மூன்று நிரல் போட்ட ஒரு பட்டியலை நெறியாளர் எழுத்தில் தந்துவிட வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோன் யோசனையையும் அந்தத் தாளிலேயே அடித்துவிடலாம்.

மனிதர்களிடம் கேட்கும் ஆய்வு

வணிகவியல், பொருளாதாரம், சமூகப்பணி மாணவர்கள் பெரும்பாலும் 50 அல்லது 100 வினாத்தாளோடு கிளம்புகிறார்கள். கையில் கிடைத்தவரிடம் நிரப்பி வாங்கினால் அது வசதி மாதிரி. அதை வைத்து "ராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள்" என்று பொதுவாகப் பேச முடியாது.

இந்தக் கரையில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எல்லை தாண்டுவது பற்றிய பேச்சு இங்கே இயல்பாக வரும். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கு அப்பால் போனது பற்றி ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை, பெயர், படகு எண், தேதியோடு மாணவர் நோட்டில் எழுதி வைத்தால், அந்த நோட்டே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடக்கூடும். ஆகவே பெயருக்குப் பதில் எண், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்புப் பட்டியல் தனியாக நெறியாளரிடம் பூட்டில், கேள்விக்குத் தேவையில்லாத எதையும் எழுதாமை: இந்த மூன்றும் கட்டாயம். ஒப்புதலைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்டிப் பெற வேண்டும். "வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்லை" என்ற வரி அதில் இருக்க வேண்டும். கல்லூரி முத்திரை போட்ட தாளைப் பார்த்தால் ஏதோ அரசு உதவி வரப்போகிறது என்று நம்பிப் பதில் சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை முதல் நிமிடத்திலேயே தெளிவுபடுத்தாமல் பேட்டி எடுப்பது ஏமாற்று.

நெறியாளர் வாரந்தோறும் செய்ய வேண்டியது

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. அதற்கு மேல் 12 மாணவர்கள் என்றால், ஆளுக்கு அரை மணி நேரம் வைத்தாலும் வாரம் 6 மணி நேரம். பல துறைகளில் இந்த 6 மணி நேரம் கால அட்டவணையில் இல்லை. ஆகவே சந்திப்பு நடப்பதில்லை. மார்ச் மாதம் ஒரே வாரத்தில் 12 ஆய்வேடு மேசையில் வந்து விழுகிறது. துறைத் தலைவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்: ஆய்வுச் சந்திப்பு கால அட்டவணையில் அச்சாக வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் நெறியாளர் கேட்க வேண்டியவை குறைவு. போன வாரம் என்ன செய்தாய், நோட்டைக் காட்டு, எது புரியவில்லை, அடுத்த வாரம் என்ன. களக் குறிப்பேட்டை மாணவர் கையாலேயே, அன்றைக்கே, பேனாவால் எழுதியிருக்க வேண்டும். தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. பள்ளியிலிருந்து ரெக்கார்டு நோட்டை அழகாகப் படியெடுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது கஷ்டம். மீன் செதில் ஒட்டிய, உப்புத்தண்ணீர் பட்ட நோட்டுக்குத்தான் மதிப்பு என்று அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

மாணவிகள் விஷயத்தில் இன்னொரு பொறுப்பு. படகு கரை சேர்வது விடியற்காலையில். விடுதிக் கதவு திறக்கும் நேரம், முதல் பேருந்து, கூட வரும் ஆள் ஆகியவற்றை நெறியாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், அவர்கள் தானாகவே நூலக ஆய்வுக்கு ஒதுங்கிவிடுவார்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒரே இறங்குதளத்தில் வெவ்வேறு கேள்வி கொடுத்தால் பயணமும் பாதுகாப்பும் சேர்ந்து தீரும்.

எழுத்தும் மொழியும்

முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதைத் தாண்டினால் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கூடும். இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவதால் திருட்டு குறைவதில்லை. மாணவர்கள் சொல்லை மாற்றிப்போடக் கற்றுக்கொள்கிறார்கள். கல்லூரி வாசலில் இருக்கும் டிடிபி கடையில் போன வருட ஆய்வேட்டின் முகப்பை மட்டும் மாற்றி பைண்டிங் போட்டுத் தருவதும் நடக்கிறது.

வேர் மொழியில் இருக்கிறது. தமிழில் யோசித்து, தமிழில் கேட்டு, தமிழில் குறிப்பெடுத்த பிள்ளையிடம் நேராக ஆங்கில ஆய்வேடு கேட்டால், அந்த ஆங்கிலம் வேறொருவருடையதாகத்தான் இருக்கும். முதல் வரைவைத் தமிழில் எழுதட்டும். அதிலும் முன்னுரையில் தொடங்க வேண்டாம். எங்கே நின்றேன், எதை எடுத்தேன், எப்படி அளந்தேன் என்ற முறை அத்தியாயத்தில் தொடங்கட்டும். செய்ததை எழுதும்போது திருட வேண்டிய தேவையே வராது. பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கேட்டால் இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் போட்டுத் தரும். மேற்கோள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொன்னால் பிடிபட்டுவிடும்.

வைவாவும் அதற்குப் பிறகும்

வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டின் தடிமனைப் பார்ப்பதைவிட இரண்டு கேள்வி கேட்டாலே போதும். உன் கணக்கு எதைச் சொல்லவில்லை? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? நண்டு அளந்த மாணவி, "வளம் குறைந்ததா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது சார், இந்த மூன்று மாதச் சினை அளவுதான் இது" என்று தயங்காமல் சொன்னால் அவள் தயார்.

அவளுடைய நோட்டையும் படிவத்தையும் துறை வாங்கி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு மாணவர் அதே இறங்குதளத்தில், அதே மூன்று மாதம், அதே படிவத்தில் அளப்பார். மூன்றாவது ஆண்டு இன்னொருவர். அப்போதுதான் முதல் மாணவி கொண்டுவந்த "குறைகிறதா?" என்ற கேள்வியின் பக்கம் மெல்லப் போக முடியும். அதற்கு ஒரே நிபந்தனை: ஓட்டின் அகலத்தை அதன் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின் நுனியிலிருந்து நுனி வரை அளந்தாளா, முள்ளை விட்டு அளந்தாளா என்பது படிவத்தின் முதல் வரியிலேயே படத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.